மான்டி பௌடனை டெஸ்ட் கேப்டன் என்று சொல்லலாமா?

மஞ்சக்குப்பம் ஸ்கோரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் உள்ளூர் ஆட்டங்களுக்கு இருபது ஆண்டுகளாக ஸ்கோர் எழுதி வருகிறேன். சென்ற வாரம் பள்ளி மாணவர்களுக்காக நாங்கள் நடத்திய கிரிக்கெட் வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதில் ஒரு கேள்வி பெரிய வம்பில் கொண்டுபோய் விட்டுவிட்டது; அதற்குத் தீர்வு கேட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

"இங்கிலாந்தின் டெஸ்ட் அணிக்கு மிக இளம் வயதில் தலைமை ஏற்றவர் யார்?" என்று கேட்டேன். என் கையில் இருந்த விடை மான்டி பௌடன். 1889 மார்ச் 25 அன்று கேப்டவுனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அணியை வழிநடத்தியபோது அவருக்கு வயது 23 ஆண்டு 144 நாள். ஓர் அணி ஜேக்கப் பெத்தல் என்றது. அவர் 2025 செப்டம்பரில் அயர்லாந்துக்கு எதிராக 21 வயதில் தலைமை ஏற்றது இருபது ஓவர் ஆட்டத்தில் என்பதால் அதை நான் ஏற்கவில்லை. அடுத்த அணி பௌடன் என்று சரியாகச் சொல்லி மதிப்பெண்ணைப் பெற்றுக்கொண்டது. அப்போதுதான் முதல் அணியில் இருந்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்று, "ஐயா, அந்த ஆட்டம் நடந்தபோது அதற்கு டெஸ்ட் என்ற பெயரே இல்லை. பிற்காலத்தில் வந்தவர்கள் வைத்த பெயரைக் கொண்டு அவரை டெஸ்ட் கேப்டன் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டான். நான் வாயடைத்துப் போனேன். அந்த ஒரு கேள்வியின் மதிப்பெண்தான் அன்றைய வெற்றியையே முடிவு செய்தது என்பதால் பரிசளிப்பை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

எனக்குத் தெரிந்தவரை பௌடன் சர்ரே கவுண்டிக்காக ஆடிய விக்கெட் கீப்பர், இரண்டே டெஸ்டுகள், இரண்டு இன்னிங்ஸ்களில் முதலாவதில் 0, அடுத்ததில் 25, இருபத்தாறு வயதில் ஆப்பிரிக்காவில் இறந்துவிட்டார். இதற்கு மேல் என்னிடம் விவரம் இல்லை. அந்த மாணவன் சொன்னது சரிதானா? சரியென்றால் அந்தக் கேள்வியை நான் நீக்க வேண்டுமா? இருபத்து மூன்று வயதுப் பையனிடம் ஒரு நாட்டின் அணியை எதற்காக ஒப்படைத்தார்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுத வேண்டுகிறேன்.


லாஸ்பேட்டை நடுவர் எழுதியது:

ஸ்கோரர் ஐயாவுக்கு வணக்கம். அந்தப் பையனை எனக்காக ஒருமுறை முதுகில் தட்டிக்கொடுங்கள்; அவன் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் அதற்காகக் கேள்வியை நீக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

1888-ஆம் ஆண்டின் இறுதியில் மேஜர் வார்ட்டன் என்ற ராணுவ அதிகாரி ஆட்களைத் திரட்டித் தென்னாப்பிரிக்காவுக்கு ஓர் அணியை அழைத்துச் சென்றார். அதற்கு வாரியத்தின் தேர்வுக் குழு என்று ஒன்றும் கிடையாது. அந்நாளில் வெளிநாட்டுப் பயணங்கள் எல்லாமே தனிமனிதர்களின் அல்லது கழகங்களின் முயற்சியால் நடந்தவைதான். அன்றைய முன்னணி ஆட்டக்காரர்களில் டபிள்யூ. ஜி. கிரேஸ் வரவில்லை, ஆர்தர் ஷ்ரூஸ்பரி வரவில்லை, ஜார்ஜ் லோமன் வரவில்லை. வந்தவர்களில் பாபி ஏபல், மாரிஸ் ரீட், ஜானி பிரிக்ஸ், ஜார்ஜ் யூலியட் போன்ற தேர்ந்த ஆட்டக்காரர்கள் சிலர் இருந்தார்கள். கவுண்டி அணிகளின் பக்கமே எட்டிப் பார்த்திராத கனவான்கள் சிலரும் இருந்தார்கள். எமில் மெக்மாஸ்டர் என்பவர் கேப்டவுனில் ஆடிய அந்த ஆட்டம்தான் அவர் வாழ்நாளில் ஆடிய ஒரே முதல்தர ஆட்டம். அதில் அவர் எடுத்தது 0. இன்றும் அவர் பெயர் இங்கிலாந்து டெஸ்ட் வீரர்களின் பட்டியலில் இருக்கிறது.

அந்தப் பயணத்தில் பெரும்பாலான ஆட்டங்களில் எதிரணிக்குப் பதினைந்து பேர், பதினெட்டுப் பேர், சில இடங்களில் இருபத்திரண்டு பேர் வரை இறங்கினார்கள். வலிமையில் ஏற்றத்தாழ்வு இருந்தால் ஆள் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுவது அந்தக் காலத்து வழக்கம். பதினொருவருக்குப் பதினொருவர் என்று ஆடியவை இரண்டே ஆட்டங்கள். அந்த இரண்டையும்தான் பின்னாளில் டெஸ்ட் என்று கணக்கில் சேர்த்தார்கள். முதல் ஆட்டம் போர்ட் எலிசபெத்தில் மார்ச் 12, 13 தேதிகளில் நடந்தது. தென்னாப்பிரிக்கா 84, 129. இங்கிலாந்து 148, பிறகு 2 விக்கெட்டுக்கு 67. எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. அதில் தலைமை ஏற்றவர் சஸ்ஸெக்ஸைச் சேர்ந்த ஆப்ரி ஸ்மித். அவரே முதல் இன்னிங்ஸில் 19 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட்டுகளையும் எடுத்தார். அடுத்து கேப்டவுன் ஆட்டம் வருவதற்குள் அவர் காய்ச்சலில் படுத்துவிட, தலைமை பௌடனிடம் வந்து சேர்ந்தது.

கேப்டவுன் ஸ்கோர் ஷீட்டை உங்களைப் போன்ற ஸ்கோரர் ஒருவர் பார்த்தால் சிரித்துவிடுவார். ஏபல் 120 எடுக்க இங்கிலாந்து 292. தென்னாப்பிரிக்கா முதல் இன்னிங்ஸில் 47, இரண்டாவதில் 43. ஜானி பிரிக்ஸ் முதலில் 17 ஓட்டங்களுக்கு 7, பிறகு 11 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள். ஆக மொத்தம் 28 ஓட்டங்களுக்கு 15 விக்கெட்டுகள். அந்தப் பதினைந்தில் பதினான்கு பேர் பௌல்டு, ஒருவர் எல்பிடபிள்யூ; ஒரு கேட்ச் கூடக் கிடையாது. ஃபீல்டர்கள் சும்மா நின்றிருந்தாலே போதுமாக இருந்திருக்கும். அந்த 47-இல் பெர்னார்டு டான்க்ரெட் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிக் கடைசிவரை ஆட்டமிழக்காமல் 26 எடுத்தார். டெஸ்ட் வரலாற்றில் அப்படி இன்னிங்ஸ் முழுவதும் நின்ற முதல் ஆள் அவர்தான். அன்றைய தென்னாப்பிரிக்காவில் பரவலாக மேட்டிங் மீதுதான், அதாவது தரையில் விரித்த பாயின் மீதுதான் ஆடினார்கள். நம் பக்கத்து ஊர்களில் மேட்டிங்கில் ஆடியவர்களுக்குத் தெரியும்: பாயை எவ்வளவு இறுக்கி ஆணி அடித்தாலும், நிதானமாகச் சுழலவிடும் இடக்கைப் பந்துவீச்சாளர் ஒருவர் கிடைத்துவிட்டால் பந்து கடித்துத் திரும்பும். புதிதாக ஆடுபவனுக்கு அது மாயம் போலத்தான் இருக்கும்.

இனி உங்கள் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். எவை டெஸ்ட், எவை அல்ல என்று முதன்முதலில் ஒழுங்காகப் பட்டியல் போட்டவர் அடிலெய்டைச் சேர்ந்த கிளாரன்ஸ் மூடி என்ற பத்திரிகையாளர். அது வெளிவந்த ஆண்டு 1894. அதுவும் இங்கிலாந்து ஆஸ்திரேலிய ஆட்டங்களுக்கான பட்டியல்தான். தென்னாப்பிரிக்க ஆட்டங்களுக்கு அந்தத் தகுதி அதற்கும் பிறகே வந்தது. பௌடன் இறந்தது 1892 பிப்ரவரி 19. ஆகவே தான் டெஸ்ட் ஆடியதையோ, இங்கிலாந்தின் டெஸ்ட் கேப்டனாக இருந்ததையோ அறியாமலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய கணக்கில் அது வார்ட்டன் அணிக்காக ஆடிய இன்னோர் ஆட்டம், அவ்வளவே.

ஆனாலும் தகுதி பிற்காலத்தில் வழங்கப்பட்டது என்பதற்காக அது செல்லாது என்று வைத்துக்கொண்டால், 1877 மெல்போர்ன் ஆட்டத்தை முதல் டெஸ்ட் என்று சொல்வதும் செல்லாது. அதுவும் பின்னால் பெயர் சூட்டப்பட்டதுதான். ஆகவே விடை சரி, மறுப்பும் சரி. நடுவராக எனக்கு இப்படித் தீர்ப்பு எழுதப் பிடிக்காதுதான், வேறு வழியில்லை.


சிதம்பரம் சாலை எழுதியது:

மன்னிக்கவும். 25 ஓட்டங்கள் எடுத்த ஒருவருக்காக இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. கேப்டனாக இருந்ததே காய்ச்சலின் புண்ணியத்தில். நம் மன்சூர் அலி கான் பட்டோடியும் 1962-இல் நாரி கான்ட்ராக்டர் தலையில் அடிபட்டு விழுந்ததால்தான் பார்படாஸில் 21 வயதில் கேப்டனானார், ஆனால் அதன் பிறகு அவர் அந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர் என்று நிரூபித்தார். பௌடன் என்ன நிரூபித்தார்?


திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியை எழுதியது:

சிதம்பரம் சாலை அவர்களுக்கு: அந்த 25 ஓட்டங்களை மட்டும் வைத்து அவரை எடை போடுவது சரியாகாது. அவர் டெஸ்ட் வீரராக வாழ்ந்தவர் அல்லர். கவுண்டி வீரராக வாழ்ந்தவர். அந்தக் காலத்தில் ஆங்கிலேயர்களுக்குக் கிரிக்கெட் என்றாலே கவுண்டிதான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மாவட்ட அணி. ஆனால் இன்று மாநில அணிக்கு இருக்கும் மதிப்பு அதற்கு இருந்தது.

மான்டேகு பார்க்கர் பௌடன் 1865 நவம்பர் 1 அன்று லண்டனின் ஸ்டாக்வெல் பகுதியில் பிறந்தார். டல்விச் கல்லூரிப் பள்ளியில் படித்தார். 1883-இல், பதினெட்டு வயது நிறைவதற்கு முன்பே, சர்ரே அணிக்கு ஆடினார். அவர் ஆடிய ஆண்டுகள் 1883 முதல் 1888 வரை, ஆறே பருவங்கள். ஆனால் அந்த ஆறும் சர்ரே தலைநிமிர்ந்த பருவங்கள். ஜான் ஷூட்டரின் தலைமையில் வால்டர் ரீட், மாரிஸ் ரீட், ஏபல், லோமன் எல்லாரும் ஒரே அணியில் இருந்தார்கள். 1887-இலும் 1888-இலும் கவுண்டிகளில் முதலிடம் சர்ரேயுக்கே. அந்த 1887-இல்தான் ஓவல் மைதானத்தில் சஸ்ஸெக்ஸுக்கு எதிராகப் பௌடன் ஆட்டமிழக்காமல் 189 எடுத்தார். அவருடைய வாழ்நாளின் மிக உயர்ந்த ஸ்கோர் அதுதான். மொத்தத்தில் முதல்தர ஆட்டங்களில் 2,300-க்கு மேல் ஓட்டங்கள் எடுத்தார். சராசரி 20 அளவில் இருந்தது. இன்றைய கண்ணுக்கு 20 குறைவாகத் தெரியலாம். மழை பெய்தால் மூடிவைக்காத ஆடுகளத்தில், கல்லும் குழியுமாக இருந்த தரையில், விக்கெட் கீப்பராகவும் பொறுப்பு ஏற்கக்கூடிய ஒருவர் எடுத்த சராசரி அது என்பதை மறந்துவிடக் கூடாது. 1887-88 குளிர்காலத்தில் வெர்னன் என்பவர் திரட்டிய அணியோடு ஆஸ்திரேலியாவுக்கும் போய் வந்தார். அந்த ஆண்டு ஒரே நேரத்தில் இரண்டு ஆங்கிலேய அணிகள் ஆஸ்திரேலியாவில் சுற்றிக்கொண்டிருந்தன என்பது தனிக் கூத்து. அதை இங்கே விரிக்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். கவுண்டி சாம்பியன்ஷிப் அதிகாரப்பூர்வமாகத் தொடங்கியது 1890-இல். அதற்கு முன்பு யார் முதலிடம் என்பதைப் பத்திரிகைகள்தான் முடிவு செய்தன. பௌடன் சர்ரேயை விட்டுப் போனது அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன். முறையான சாம்பியன்ஷிப் தொடங்கும் முன்பே அவர் கவுண்டி வாழ்வு முடிந்துவிட்டது; முறையான டெஸ்ட் பட்டியல் வரும் முன்பே அவர் உயிரே முடிந்துவிட்டது. விதியை எழுதியவர் ஸ்கோர் புத்தகத்தைக் கொஞ்சம் தாமதமாகத் திறந்திருக்கிறார்.

ஸ்கோரர் ஐயா, இருபத்து மூன்று வயதுப் பையனிடம் அணியை ஏன் ஒப்படைத்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கதையில் மிகவும் முக்கியமான இடம் அதுதான். கேப்டவுனில் ஆடிய பதினொருவரில் ஜார்ஜ் யூலியட்டும் இருந்தார். யார்க்ஷயர்க்காரர், வயது 37. 1877-இல் மெல்போர்னில் நடந்த முதல் டெஸ்டிலேயே ஆடியவர். அனுபவத்தில் பௌடனை விடப் பல மடங்கு மூத்தவர். ஆனால் அவர் தொழில்முறை ஆட்டக்காரர்; கூலி வாங்கிக்கொண்டு ஆடுபவர். பௌடன் அமெச்சூர், கனவான். அன்றைய இங்கிலாந்தில் இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே இருந்தது சாதாரணக் கோடு அல்ல, மதில். மைதானங்களில் உடை மாற்றும் அறை வேறு. களத்தில் இறங்கும் வாசல் வேறு. ஸ்கோர் ஷீட்டில் அமெச்சூரின் பெயர் "திரு. எம். பி. பௌடன்" என்று இருக்கும், தொழில்முறைக்காரரின் பெயர் வெறுமனே "ஏபல்" என்று இருக்கும். ஒருவரை "அவர்" என்றும் இன்னொருவரை "அவன்" என்றும் எழுதுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இதற்கு விளக்கம் தேவையிருக்காது. 1896-இல் இதே ஏபல், லோமன், ரிச்சர்ட்சன், ஹேவார்டு, கன் ஆகிய ஐவரும் ஓவல் டெஸ்டுக்கு 10 பவுண்டுக்குப் பதிலாக 20 பவுண்டு கேட்டார்கள் என்பதற்காகவே அது பெரும் குற்றம் போலப் பேசப்பட்டது.

ஆப்ரி ஸ்மித் படுத்துவிட்ட பிறகு அணியில் எஞ்சிய அமெச்சூர்கள் பௌடன், கிரீவ், கோவென்ட்ரி, மெக்மாஸ்டர் ஆகியோர் மட்டுமே. இவர்களில் கவுண்டி அனுபவம் உள்ளவர் பௌடன் ஒருவரே. தொழில்முறைக்காரர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் தலைமை அவரிடம் போகாது. ஆகவே "மிக இளைய கேப்டன்" என்ற சாதனைக்குக் காரணம் பௌடனின் திறமையும் அல்ல, வெறும் அதிர்ஷ்டமும் அல்ல. யூலியட்டை ஒதுக்கி வைத்த வழக்கம்தான். அந்தப் பிரிவினையை எடுத்தெறிய இங்கிலாந்துக்கு 1962 வரை ஆயிற்று.


லாஸ்பேட்டை நடுவர் எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்னதில் ஒரு சிறு திருத்தம். தொழில்முறைக்காரர் எப்போதுமே தலைமை ஏற்க முடியாது என்று பொருள்படும்படி எழுதியிருக்கிறீர்கள். தொழில்முறைக்காரர்களே முதல் போட்டு, லாப நட்டத்தைத் தாங்களே பங்கிட்டுக்கொண்டு நடத்திய ஆஸ்திரேலியப் பயணங்களில் அவர்களே தலைமை தாங்கினார்கள். 1877-இல் ஜேம்ஸ் லில்லிவைட், 1881-82-இல் ஆல்பிரட் ஷா, அதன் பிறகு ஷ்ரூஸ்பரி. கனவான்களும் கூலிக்காரர்களும் கலந்து போகும் அணியில்தான் நீங்கள் சொன்ன விதி தவறாமல் நடந்தது. வார்ட்டன் அணி அத்தகையது. ஆகவே உங்கள் முடிவு சரி, அதற்குச் சொன்ன விதிதான் சற்று அகலமாகிவிட்டது. உள்நாட்டில் தொழில்முறைக்காரர் ஒருவரை டெஸ்ட் கேப்டனாக நியமிப்பதற்கு 1952-இல் லென் ஹட்டன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.


திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியை எழுதியது:

திருத்தத்தை ஏற்கிறேன். நன்றி.


முத்தியால்பேட்டை வாசகர் எழுதியது:

பௌடன் ஆப்பிரிக்காவில் எப்படி இறந்தார் என்பதை யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். கிரிக்கெட்டை விட அந்தக் காலத்து ஆப்பிரிக்க வரலாற்றில்தான் எனக்கு ஈடுபாடு. ரோமன் ரோலான் நூலகத்தில் வேறு எதையோ தேடப்போய் இந்தப் பெயரில் இடறியவன் நான்.

பயணம் முடிந்து அணி ஊர் திரும்பியபோது ஆப்ரி ஸ்மித்தும் பௌடனும் திரும்பவில்லை. விட்வாட்டர்ஸ்ராண்டில் 1886-இல் தங்கம் கிடைத்ததிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஒரே இரவில் முளைத்த ஊர் போல வளர்ந்துகொண்டிருந்தது. இருவரும் அங்கே கூட்டாகப் பங்குத் தரகுத் தொழில் தொடங்கினார்கள். அடிக்கடி நடப்பது போல, இவர்கள் கடை விரித்த சிறிது காலத்திலேயே தங்கச் சுரங்கப் பங்குகளின் விலை சரிந்தது; தொழில் படுத்தது. இந்த நாட்களில் ஸ்மித் இறந்துவிட்டார் என்று செய்தி வெளிவந்ததும் உண்டு. அவர் அதைத் தாமே படித்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கிரிக்கெட்டில் பௌடனுக்குக் கடைசியாக ஒரு நல்ல நாள் 1890 ஏப்ரலில் வந்தது. வார்ட்டன் அணிக்கு ஆதரவு தந்த கப்பல் முதலாளி டொனால்டு கரி, பயண அணிக்கு எதிராகச் சிறப்பாக ஆடும் தென்னாப்பிரிக்க அணிக்கென்று ஒரு கோப்பை கொடுத்திருந்தார். அது முதலில் கிம்பர்லி அணிக்குப் போயிற்று. அந்தக் கோப்பைக்காக அதன் பிறகு நடந்த முதல் ஆட்டத்தில் டிரான்ஸ்வால் கிம்பர்லியை எதிர்த்தது. டிரான்ஸ்வால் பக்கம் ஆடிய பௌடன் சதம் அடித்தார், கோப்பை கைமாறியது. தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டுக் கிரிக்கெட்டில் கரி கோப்பை என்ற பெயர் ஒரு நூற்றாண்டுக் காலம் நிலைத்து நின்றது. சிதம்பரம் சாலை அவர்கள் கேட்ட "என்ன நிரூபித்தார்" என்பதற்கு இதையும் ஒரு பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

அதே ஆண்டில் அவர், ஆங்கிலேயச் சுரங்க முதலாளி செசில் ரோட்ஸ் தன் கம்பெனிக்காகத் திரட்டிய முன்னோடிப் படையில் சேர்ந்தார். முன்னோடி என்ற சொல் கேட்க இனிமையாக இருக்கிறது. ஷோனா மக்களின் நிலத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்து, கொடியை நட்டு, இது இனி எங்களுடையது என்று சொன்ன படை அது. வந்தவர்களுக்கு நிலமும் தங்கச் சுரங்க உரிமையும் தருவதாக வாக்குக் கொடுக்கப்பட்டது. 1890 செப்டம்பரில் அவர்கள் போய்ச் சேர்ந்து கோட்டை கட்டிய இடத்துக்கு சாலிஸ்பரி என்று பெயர் வைத்தார்கள். இன்றைய ஹராரே அது. தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் சிதைவுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையின் தொடக்கமும் முடிவும் பழக்கமானவையே: ஒரு கம்பெனி, ஒரு கோட்டை, ஊரில் பிழைப்பு நடக்காத இளைஞர்கள், காய்ச்சல், கல்லறை. பௌடனிடம் எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் அவர் அங்கே சுற்றுலாவுக்குப் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அங்கிருந்து அவர் கிழக்கே உம்தாலிக்கு வந்து சேர்ந்தார். இன்று அது ஜிம்பாப்வேயின் முதாரே நகரம். அன்று அங்கே மருத்துவமனை என்று இருந்தது ஒரு மண் குடிசை. 1891-இல் மூன்று ஆங்கிலேயச் செவிலியர்கள் பல நாள் காட்டு வழியில் நடந்தே அங்கு வந்து சேர்ந்து அதை நடத்திக்கொண்டிருந்தார்கள். 1892 பிப்ரவரி 19 அன்று பௌடன் அந்தக் குடிசையில் இறந்தார். உடல் அடக்கம் செய்யப்படும் வரை சிங்கங்கள் இழுத்துச் சென்றுவிடாமல் காவல் இருக்க வேண்டியிருந்தது என்றும், பலகை கிடைக்காததால் விஸ்கி புட்டிகள் வந்த பெட்டிகளைப் பிரித்துச் சவப்பெட்டி செய்தார்கள் என்றும் அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

மறுபக்கத்தில் ஆப்ரி ஸ்மித்தைப் பாருங்கள். அவர் ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவர்தான். அந்த ஒன்றிலும் கேப்டன், வெற்றி, ஐந்து விக்கெட். பிறகு மேடை நாடகத்துக்குப் போய், அங்கிருந்து ஹாலிவுட்டுக்குப் போய், வயதான ஆங்கிலக் கனவான் வேடங்களில் உலகப் புகழ் பெற்று, அங்கேயும் 1932-இல் ஒரு கிரிக்கெட் கழகத்தைத் தொடங்கி, 1944-இல் சர் பட்டமும் வாங்கி, 1948-இல் எண்பத்தைந்து வயதில் இறந்தார். ஒரே கடையின் இரண்டு பங்காளிகள். இறந்துவிட்டதாகச் செய்தி வந்தவர் மற்றவருக்குப் பிறகு ஐம்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார்.


சிதம்பரம் சாலை எழுதியது:

கரி கோப்பைச் சதம் எனக்குத் தெரியாது. "காய்ச்சலின் புண்ணியம்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 25 ஓட்டங்கள் 25 ஓட்டங்கள்தான்.


மஞ்சக்குப்பம் ஸ்கோரர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரு வரி விடைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நேற்று இரவு கேப்டவுன் ஸ்கோரை என் நோட்டில் நானே எழுதிப் பார்த்தேன். அப்போது ஓவருக்கு நான்கு பந்துகள் என்பது பாதி எழுதிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. பழக்கத்தில் ஆறு ஆறாகக் கட்டம் போட்டிருந்தேன். பிரிக்ஸின் பெயருக்கு நேரே பௌல்டு, பௌல்டு, பௌல்டு என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. யூலியட் பெயரை எழுதும்போது ஆசிரியை அம்மா சொன்னது நினைவுக்கு வந்து அவர் பெயருக்கு முன்னாலும் "திரு." போட்டேன். நூற்று முப்பது ஆண்டுகள் கழித்துப் போட்டால் என்ன பயன் என்று என் மனைவி கேட்டார்.

மதிப்பெண் விஷயத்தில் குழுவினரோடு பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம். சரியான விடை சொன்ன அணிக்குக் கொடுத்த மதிப்பெண் அப்படியே இருக்கும். அவர்கள் மேல் தவறு எதுவும் இல்லை. மறுப்புச் சொன்ன மாணவனின் காரணமும் சரியென்று நடுவர் ஐயா உறுதி செய்துவிட்டதால் அந்த அணிக்கும் அதே மதிப்பெண் உண்டு. இரண்டு அணிகளும் சமமாகிவிட்டதால் வரும் ஞாயிறு காலை ஆட்டம் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டு முடித்துவிடுவோம்.

அடுத்த ஆண்டுக்கு அந்தக் கேள்வியை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்: "பிற்காலத்தில் டெஸ்ட் என்று ஏற்கப்பட்ட ஓர் ஆட்டத்தில், 23 வயதில் இங்கிலாந்து அணிக்குத் தலைமை ஏற்று, அந்நாட்டின் மிக இளைய டெஸ்ட் கேப்டன் என்று இன்றும் பதிவில் இருக்கும் சர்ரே கவுண்டி வீரர் யார்?" நீளமாகத்தான் இருக்கிறது. குறை ஏதும் இருந்தால் சொல்லுங்கள்.


லாஸ்பேட்டை நடுவர் எழுதியது:

"இங்கிலாந்து ஆண்கள் அணிக்கு" என்று திருத்திக்கொள்ளுங்கள், ஐயா. அந்த எட்டாம் வகுப்பு மாணவன் அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இருப்பான்.